புள்ளிக் கட்சியும் பெருக்கல் கட்சியும்

இந்த அவைக்கு அழகாகவும், இந்த அரங்குக்கு அரணாகவும் வீற்றிருக்கும் தலைவர், நூலகர் ஐயா அவர்களே! முழங்கால் வலியை மூலையில் வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தோரே! “இந்த ஒரு ஆட்டம்மா, இதோ வந்துட்டேன்” என்ற வாக்குறுதியை நம்பி, சாப்பாட்டைச் சூடாக்கிச் சூடாக்கியே பொறுமையில் பட்டம் வாங்கிய தாய்மார்களே! விசைப்பலகையில் விரலை விட்டால் வீட்டையே மறக்கும் வீரர்களே, வீராங்கனைகளே! என் வீட்டு மின்கட்டணத்தை விண்ணுக்கு வளர்த்த என் அருமை மகளே! அந்தக் கட்டணத்துக்கு என்னை மட்டும் திட்டிய என் இல்லத்தரசியே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்!

யார் அங்கே, “சுருக்கமா பேசுங்க” என்பது? என் மனைவிதான். சரி, சுருக்கமாகவே பேசுகிறேன். ஆனால் மெதுவாகச் சுருக்குகிறேன்.

நான் சோபா தைப்பவன். பஞ்சு, ஸ்பிரிங்கு, துணி, ஆணி, இவைதான் நான் அறிந்த நால்வகைக் கலை. படிப்பு? பத்தாம் வகுப்பு. அதையும் ஒரு முறை படித்தால் போதாது, ஆழமாகப் படிக்க வேண்டும் என்று இரண்டு முறை படித்தேன். என்னைப் போய்க் கணினி மன்றத்தின் புதிய அறைத் திறப்பு விழாவில் பேச அழைத்திருக்கிறார்கள் என்றால், இவர்களுடைய துணிச்சலை என்னவென்று சொல்வது!

கணினியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு முறை மகள் வெளியே போகும்போது, “அப்பா, அப்டேட் ஓடுது, முடியிறவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கங்க” என்றாள். நானும் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அசையவில்லை நான். மகள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “ஐயோ அப்பா, இது எப்பவோ முடிஞ்சிடுச்சு, நீங்க பாக்குறது ஸ்கிரீன் சேவர்!” என்றாள். அன்று முதல் இந்த மன்றத்தில் எனக்கு ‘அப்டேட் அப்பா’ என்று பெயர். சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்புக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

ஆனால் இன்று நான் சிரிக்க வைக்க மட்டும் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்கு இந்த அறை எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த மன்றம் முன்பு எங்கே இருந்தது? சலவைக் கடையின் மாடியில்! கீழே இஸ்திரி, மேலே இவர்கள். கீழிருந்து எழும் ஆவி, மேலே கணினி கக்கும் அனல். அந்த அறைக்குள் போனவன் வேர்க்காமல் திரும்பியதில்லை. ஆனால் போனவன் யாரும் திரும்ப வராமலும் இருந்ததில்லை! கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் என் மகள் அங்கே இருந்தாள். மருந்துக்கடைக்காரத் தம்பி அங்கே இருந்தார். மழலையர் பள்ளி டீச்சர் அங்கே இருந்தார். கிராபிக்ஸ் கார்டு என்பார்கள், ரேம் என்பார்கள், விசிறி என்பார்கள், ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பது போலப் பேசுவார்கள், பிறகு ஒரே தட்டில் பிஸ்கட் எடுப்பார்கள்.

அப்படி இருந்த மன்றத்துக்கு ஒரு நாள் இடி விழுந்தது. சலவைக் கடைக்காரர், பாவம், நல்ல மனிதர், கையைப் பிசைந்துகொண்டு மேலே வந்தார். “தப்பா நினைக்காதீங்க. கடையைப் பெருசாக்குறேன். மாடி எனக்கு வேணும். அடுத்த மாசத்துக்குள்ள பாத்துக்கங்க.” எங்கே பார்ப்பது? எவரைப் பார்ப்பது? இத்தனை இரும்புப் பெட்டிகளையும், இத்தனை ஒயர்களையும், இத்தனை வாய்களையும் எந்த வீடு தாங்கும்?

அப்போதுதான் நூலகர் ஐயா ஓர் அறிவிப்பைச் சொன்னார். ஊர்களுக்கிடையே கணினிப் பந்தயம். கணினியைக் குழுவே சேர்த்துக் கட்ட வேண்டும். அதில் காலை தொடங்கி மாலை வரை கார் ஓட்டும் ஆட்டத்தை ஆட வேண்டும், ஆள் மாறலாம், கணினி மாறக் கூடாது. அதில் நம் மன்றம் வென்றால் இந்த நூலகத்தின் பின்கட்டு அறை! பெரிய ஜன்னல், பேசினால் எதிரொலிக்கும் கூரை, தனி மின்இணைப்பு. வென்றால் அறை. தோற்றால்? ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டு மூலைக்கு. அவ்வளவுதான் மன்றம்.

எல்லோரும் சேர்ந்து உழைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? உழைத்தார்கள். ஆனால் சேர்ந்தா உழைத்தார்கள்?

தாய்மார்களே, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கணினியின் மூளை ஒரு சின்னச் சதுரம். அது யோசித்தால் சுடும். அந்தச் சூட்டை உறிஞ்ச, மேலே கூலர் என்று ஓர் உலோகக் கட்டி, அதன் தலையில் ஒரு விசிறி. மூளைக்கும் கட்டிக்கும் நடுவே சூட்டைக் கடத்த ஒரு சாம்பல் நிறப் பசை. பற்பசை மாதிரி இருக்கும், ஆனால் பல்லில் தேய்த்தால் நான் பொறுப்பல்ல.

அந்தப் பசையை எப்படி வைப்பது? இங்கேதான் பிளந்தது மன்றம்! நடுவில் ஒரு புள்ளி வைத்தால் போதும், அழுத்தும்போது அதுவே பரவும் என்பது ஒரு கட்சி. தலைவி, என் மகள். மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டால்தான் ஓரம் வரை போகும் என்பது மறு கட்சி. தலைவர், மருந்துக்கடைத் தம்பி. கல்யாண வீட்டில் கூட இப்படிக் கட்சி பிரிந்து நான் கண்டதில்லை!

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, கணினியைக் கட்டுகிறார்கள். கூலர் புதிது, பெரிது, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. நான் பிஸ்கட் தட்டோடு நிற்கிறேன். மகள் பசைக் குழாயைக் கையில் எடுத்தாள்.

“ஒரு புள்ளிதான்மா வைக்கப்போற?” என்றார் மருந்துக்கடைத் தம்பி.

“ஆமாண்ணே. மருந்து மாதிரி, அளவா வைக்கணும்.”

“மருந்தைப் பத்தி எனக்கே சொல்றியா? ஓரமெல்லாம் காஞ்சு கிடக்கும் பாரு.”

“உங்க முறையில வச்சா வழிஞ்சு வாசல் வரைக்கும் போகும், பரவாயில்லையா?”

டீச்சர் நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் வாயில விரல் வைங்க!” என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே சொன்னார். இரண்டு பேரும் அரை நொடி விரல் வைத்தார்கள். பிறகு மறுபடி ஆரம்பம். அத்தனை கண்களும் பசை மேல். புள்ளியா, பெருக்கலா? பெருக்கலா, புள்ளியா? கூச்சலுக்கு நடுவே மகள் ஒரு புள்ளி வைத்தாள், கூலரை மேலே வைத்துத் திருகினாள். கணினி எழுந்தது, திரை மலர்ந்தது, எல்லோரும் கை தட்டினோம். ஓட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரத்தைச் சண்டையே சாப்பிட்டுவிட்டது.

விடிந்தது பந்தய நாள்! மண்டபம் நிறைய மக்கள். வரிசை வரிசையாகக் கணினிகள். கொடி அசைந்தது, கார்கள் பாய்ந்தன. திரையின் மூலையில் கணினியின் சூட்டைக் காட்டும் எண் ஒன்று உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தெர்மாமீட்டரைப் பார்ப்பது போல நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. ஏறியது. ஏறிக்கொண்டே போனது. விசிறி விமானம் போல அலறியது. எங்கள் கார் முதலிடத்துக்கு வந்தது, நான் நாற்காலி மேல் ஏறினேன், திரை இருண்டது!

இருட்டு. மண்டபமே “அடடா” என்றது. நடுவர் வந்தார், மேசை மேல் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். மணல் தீருவதற்குள் கணினி எழ வேண்டும். எழாவிட்டால் குழு வெளியே. அறையும் வெளியே.

அப்போது நம்மவர்கள் என்ன செய்தார்கள்? சண்டை போட்டார்கள்!

“நான் அப்பவே சொன்னேன்! புள்ளி வச்சா இப்படித்தான்!”

“பசையில ஒண்ணும் இல்லண்ணே! விசிறியைப் பாருங்க!”

“திறந்து பாத்துடுவோமா?”

“திறங்க! நானும் பாக்குறேன்!”

மருந்துக்கடைத் தம்பி திருகுகளைக் கழற்றினார். கூலரைத் தூக்கினார். கவிழ்த்துப் பார்த்தார். என் மகள் குனிந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்!

என்ன இருந்தது அங்கே? கூலரின் அடியில், கடையிலிருந்து வந்தபடியே, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்! ‘பொருத்துமுன் உரிக்கவும்’ என்று சிவப்பில் எழுதிய தாள்! பசை அதன் மேல் பரவிக் கிடக்கிறது. புள்ளி அழகாகத்தான் பரவியிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சூடு எப்படிப் போகும், வாசலில் கதவைச் சாத்தி வைத்தால்? ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சொல்லும் என் மகள் கண்ணுக்குத் தாள் தெரியவில்லை. மாத்திரை அட்டையின் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்லும் தம்பி கண்ணுக்குச் சிவப்பெழுத்து தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்ததா என்று கேட்கிறீர்களா? எனக்குப் பிஸ்கட் தட்டு தெரிந்தது.

மகள் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். “எல்லாம் என்னாலதான்ண்ணே. அறை போச்சு.”

“உன்னால என்னம்மா? உன் கையைப் பிடிச்சு இழுத்தது என் வாய்தானே? அழுவுறதுக்கு நேரம் இல்ல. உரி அதை!”

தாளை உரித்தாள். தம்பி சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சு எடுத்துப் பழைய பசையைத் துடைத்தார். இன்னொரு பையிலிருந்து புதுப் பசைக் குழாய் வந்தது. அதை அவளிடம் நீட்டினார். “நீயே வைம்மா. புள்ளியாவே வை.”

இவள் என்ன செய்தாள்? வாங்கவில்லை! “வேணாம்ண்ணே, நீங்க வைங்க. பெருக்கலே போடுங்க.”

“இல்லம்மா, உன் கணினி, உன் முறை.”

“பெரியவங்க நீங்கண்ணே, நீங்க வைங்க.”

மணல் இறங்குகிறது, இவர்கள் உபசரிப்பு நடத்துகிறார்கள்! இத்தனை நாள் இல்லாத மரியாதை இப்போதா வர வேண்டும்? நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். குழாயைப் பிடுங்கினேன். “யாராவது ஒருத்தர் வைங்கடா!” என்று கத்திக்கொண்டே அழுத்தியும் விட்டேன். பதற்றத்தில் பாதிக் குழாய் வெளியே வந்துவிட்டது! அது புள்ளியா? இல்லை. பெருக்கலா? இல்லை. எந்தக் கணக்கிலும் வராத வடிவம்! டீச்சர் எட்டிப் பார்த்து, “எங்க குழந்தைங்க வரைஞ்ச யானை மாதிரி இருக்கே” என்றார்.

“பரவால்ல, அழுத்துங்கண்ணே!” என்றாள் மகள். வழிந்ததைப் பஞ்சால் துடைத்தார்கள். திருகினார்கள். பொத்தானை அழுத்தினார்கள். கடைசி மணல் விழுமுன் திரை மலர்ந்தது!

அன்பர்களே, அந்த எண் ஏறவில்லை! ஏறவே இல்லை! காய்ச்சல் விட்ட பிள்ளை போலக் கணினி குளிர்ந்து கிடந்தது. டீச்சர் ஹெட்போனை மாட்டினார். கடைசி இடத்திலிருந்து ஓட்டினார். வகுப்பறையில் ஓடும் பிள்ளையைப் பிடிப்பது போல ஒவ்வொரு காராகப் பிடித்தார். “ஓரமா போ, ஓரமா போ, வரிசையா வா!” என்று எதிரிகளை அதட்டிக்கொண்டே பிடித்தார்! மாலை வெயில் மண்டபத்து ஜன்னலில் சாயும் நேரம், இரண்டாம் இடம். கடைசித் திருப்பம். முன்னால் போனவர் கொஞ்சம் அகலமாக வளைத்தார். டீச்சர் உள்ளே நுழைந்தார். நுழைந்தாரா? நுழைந்தார்! வென்றாரா? வென்றார்! மண்டபம் எழுந்தது, நான் மறுபடி ஏறி நின்றிருந்த நாற்காலி ஒடிந்தது, விழுந்தவனைத் தூக்கக் கூட யாரும் வரவில்லை, என் மனைவி உட்பட!

“நீங்க எழுந்துப்பீங்கன்னு தெரியும்” என்கிறாள் இப்போது. கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வென்றோம், அறை வந்தது. இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அன்றிரவு நான் யோசித்தேன். இந்தப் பிள்ளைகள் எதற்காக இப்படித் துடித்தார்கள்? வீட்டில் கணினி இல்லையா? இருக்கிறது. வீட்டில் இணையம் இல்லையா? இருக்கிறது. வீட்டில் நாற்காலி இல்லையா? என் கையால் மெத்தை தைத்துப் போட்ட நாற்காலியே இருக்கிறது! ஆனால் வீட்டில் எதிர்க்கட்சி இல்லையே! “நீ வைத்த புள்ளி தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இல்லையே! சொன்ன அதே வாயால் “அழுவுறதுக்கு நேரம் இல்ல, உரி அதை” என்று சொல்ல ஆள் இல்லையே!

அறை என்றால் என்ன? நான்கு சுவரா? சுவர் சிறைக்கும் உண்டு. கூரையா? கூரை கோழிக்கும் உண்டு. தோற்கும்போது கூட நிற்கிற எதிராளி எங்கே இருக்கிறானோ, அதுதான் அறை! தவறு செய்தால் தலையில் குட்டவும், குட்டிய கையாலேயே திருகை முடுக்கவும் ஆள் எங்கே உண்டோ, அதுதான் அறை! அந்த அறையை இழக்காமல் காத்தீர்களே, என் செல்வங்களே, அதற்குத்தான் இந்தக் கைதட்டல்! தட்டுங்கள்! இன்னும் பலமாக! கூரை எதிரொலிக்கும் என்று சொன்னேன், பாருங்கள், பொய்யா?

பசைச் சண்டை தீர்ந்துவிட்டதா என்று நூலகர் ஐயா காலையில் என்னிடம் கவலையோடு கேட்டார். தீர்ந்துவிட்டது ஐயா, முழுசாகத் தீர்ந்துவிட்டது. நான் இந்த மேடைக்கு ஏறும்போது பின்னால் கேட்டேன்: கணினிப் பெட்டியின் மேல் விசிறி காற்றை உள்ளே இழுக்க வேண்டுமா, வெளியே தள்ள வேண்டுமா என்று இருவரும் தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக்கடைத் தம்பி ‘வெளியே’ கட்சி. என் மகள் ‘உள்ளே’ கட்சி. நடுவில் நிற்கிறவர்களெல்லாம் இப்போதே பிரிய ஆரம்பித்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள் ஐயா. சண்டை போட அவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது!

அழைத்த மன்றத்துக்கும், அமர்ந்து கேட்ட அவைக்கும், எனக்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்த தவற்றைச் செய்த இளைஞர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வந்தவர்கள் எல்லோரும் மன்றத்துக்குள்ளே வாருங்கள், ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள், உரக்கப் பேசுங்கள். வணக்கம்!