ஆரிகன் வண்டியும் ஒரு மரக்குழலும்

ஏனோக்: ...அதனால நாளைக்கு விடிஞ்சதும் வண்டி கிளம்பிடும் டாக்டர். அப்புறம் மேற்கே அந்தக் கோடியில இருக்கிற ஆரிகன் போய்ச் சேர்ற வரைக்கும் வைத்தியர்னு ஒருத்தர் மூஞ்சியைப் பார்க்க முடியாது. அதான் போறதுக்கு முன்னாடி என் தங்கச்சியை ஒரு தடவை... டாக்டர்? என்ன, பதிலையே காணோம்?

கெசியா: அந்தப் பக்கம் நின்னு பேசினா சுவத்துக்குத்தான் கேக்கும் அண்ணா. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தின்னு தின்னு அவருக்கு வலது காது போய் எத்தனை காலமாச்சு! இடது பக்கம் வா.

டாக்டர்: அட, ஏனோக்! எப்பய்யா வந்தே?

ஏனோக்: வந்து, ஆரிகன் வரைக்கும் போயிட்டே வந்துட்டேன். நீங்கதான் கவனிக்கல.

டாக்டர்: பிளைத்தம்மாவும் வந்திருக்காங்களா... என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது?

ஏனோக்: அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு நாளா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். ஆமா கெசியா, உன்னைக் கேக்கணும்னு நினைச்சேன். நீ எனக்கு முன்னாடியே நடந்து கிளம்பிட்டே. நான் பின்னால வந்து, குதிரையைக் கட்டிட்டு உள்ள வர்றேன்... நீ எனக்கு அப்புறம் வர்றே?

கெசியா: மெதுவா நடந்தேன். நெஞ்சு சரியில்லாதவ ஓடியா வருவா?

ஏனோக்: கவுன் ஓரமெல்லாம் சேறு.

கெசியா: மெதுவா நடந்தா சேறு ஒட்டாதா?

டாக்டர்: இன்னைக்குக் காலையில எல்லாமே ஒரு தினுசாத்தான் இருக்கு. இப்பக் கொஞ்சம் முன்னாடி குதிரைக் கொட்டகைப் பக்கம் என் கோழிங்க ஒரு கத்து கத்துச்சு பாரு... எனக்கே கேட்டுதுன்னா பார்த்துக்கோ.

ஏனோக்: நரியா இருக்கும்.

கெசியா: நரியேதான். இப்பல்லாம் பட்டப்பகல்லயே வருது.

டாக்டர்: சரி, இந்த நாற்காலியில உக்காருங்க. ஏனோக், அந்த ஜாடியைத் தொடாதே. அதுல அட்டை இருக்கு.

ஏனோக்: கொழுகொழுன்னு இருக்கே. யாரைக் குடிச்சுது?

டாக்டர்: நம்ம பாதிரியாரை. போன வாரம் தலைவலின்னு வந்தார். அதுக்கப்புறம் பிரசங்கம் பாதியாக் குறைஞ்சிருக்கு, கவனிச்சியா?

ஏனோக்: அப்போ அட்டைக்கு ஊரே கடன்பட்டிருக்கு! டாக்டர், இவளுக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடுங்க. இந்த வபாஷ் ஆத்தங்கரையில இவளை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல. வருஷா வருஷம் குளிர்காய்ச்சல்... அறுப்பு முடிஞ்சா ஊரே கட்டில்ல கிடந்து நடுங்குது. இவ புருஷனைக் கொண்டுபோனதும் அதுதானே. ஆரிகன்ல அந்தக் காய்ச்சலே கிடையாதாம்.

டாக்டர்: யார் சொன்னது?

ஏனோக்: ஆரிகன்ல நிலம் விக்கிறவர்.

கெசியா: அவரு ரொம்ப நல்லவராச்சே. அங்க மழை கூட ராத்திரியில மட்டும்தான் பெய்யும்னு சொன்னாரே.

ஏனோக்: கிண்டல் பண்ணு. அந்தக் குழல் எதுக்கு டாக்டர்? ஊதப் போறீங்களா?

டாக்டர்: ஒரு முனை இவங்க நெஞ்சுல, இன்னொரு முனை என் காதுல. உள்ள நடக்கிறதெல்லாம் இதுல கேக்கும்.

ஏனோக்: பொம்பளை மனசுல இருக்கிறது கூடவா?

டாக்டர்: அது கேட்டிருந்தா நான் ஏன்யா இத்தனை வருஷமா தனியா... சும்மா இருய்யா நீ. வைக்கலாங்களாம்மா?

கெசியா: வையுங்க. எனக்குக் கூச்சமா இருக்கு, நான் கூரையைப் பார்த்துக்கிறேன்.

டாக்டர்: ம்... மூச்சை இழுங்க... விடுங்க...

ஏனோக்: கெசியா... ரகசியமாச் சொல்றேன்... இவருக்குப் பின்மண்டையில முடியே இல்ல, பார்த்தியா?

டாக்டர்: உனக்கும் அந்த வயசு வரும்யா. வாயை மூடிட்டு இரு.

ஏனோக்: அடேங்கப்பா! காதுல குழலை வச்சுக்கிட்டே நான் முணுமுணுத்ததைப் பிடிச்சிட்டாரே!

கெசியா: நீ முணுமுணுத்தா ஆத்துக்கு அந்தக் கரையில கேக்கும்.

டாக்டர்: ...போதும். மூச்சு விட்டுக்கலாம்.

ஏனோக்: அவ்வளவுதானா? நாடி பார்க்கலியே. எங்கப்பா காலத்து வைத்தியர்லாம் முதல்ல கையைத்தான் பிடிப்பாங்க.

டாக்டர்: குழல்னு ஒண்ணு வந்ததுக்கப்புறம் கை எதுக்கு?

கெசியா: பரவாயில்ல, பார்க்கட்டுமே. இந்தாங்க கை.

டாக்டர்: வேணாம்... வேணாம்மா. கையைக் கீழ வையுங்க.

ஏனோக்: சரி, என்னன்னு சொல்லுங்க. பயமுறுத்தாதீங்க.

டாக்டர்: ஏனோக்... ஒரு நல்ல இதயம் என் காதுக்கு எப்படிக் கேக்கணுமோ, அப்படிக் கேக்கல.

ஏனோக்: கேக்கலியா?

டாக்டர்: கேக்கல.

ஏனோக்: ஐயோ... நிஜமாவா?

டாக்டர்: நான் கேட்டதைத்தான் சொல்றேன்.

ஏனோக்: நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பொண்டாட்டிக்குப் பல்லைப் பிடுங்கும்போது, வலிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கெஞ்சினா. உயிரே போற மாதிரி வலிக்கும்மான்னு சொல்லிட்டுப் பிடுங்கினவராச்சே. உங்க வாயில பொய் வராது. அப்போ... வண்டிப் பயணம்?

டாக்டர்: வண்டியில ஏறுங்கன்னு என் வாயால நான் சொல்ல முடியாதுய்யா.

ஏனோக்: இருங்க, இருங்க. இப்பவே வைத்தியம் பண்ணிடுங்களேன். ஒரு கிண்ணம் ரத்தம் எடுத்துட்டா?

கெசியா: யாருக்கு?

ஏனோக்: உனக்குத்தான். ரத்தம் குறைஞ்சா நெஞ்சுக்கு வேலை குறையும்ல?

டாக்டர்: வைத்தியம் நான் பார்க்கவா, நீ பார்க்கிறியா? இவங்க மேல கத்தி வைக்க மாட்டேன்.

ஏனோக்: அப்போ அந்த நீராவி வைத்தியர்கிட்ட கொண்டுபோறேன். மூலிகை மட்டும்தானாம். போர்வையைப் போத்தி வேகவச்சு, குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்க வச்சு...

கெசியா: அண்ணா, நான் உன் கூடப் பொறந்தவ. சோளக்கதிரு இல்ல, வேகவைக்க.

ஏனோக்: சரி, அக்கரையில புதுசா ஒரு இளவட்டம் வந்திருக்காரே, காலேஜ்ல படிச்சவர். அவர்கிட்டயும் குழல் இருக்காம். ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா? ரெண்டு காது கேட்டா இன்னும் நல்லதுதானே?

டாக்டர்: தாராளமா காட்டு. நெஞ்சு நோவுன்னு சொன்ன உடனே பாதரச மாத்திரை கொடுப்பார். ஈறு வீங்கி எச்சில் ஒழுகினாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்பார். அப்புறம் நெஞ்சுல கொப்புளப் பத்து. தோல் உரிஞ்சு ஆறுறதுக்குள்ள நீ ஆரிகன்ல ஆப்பிள் கன்னு நட்டிருப்பே.

ஏனோக்: ...வேணாம். அது வேணாம். ஆனா இவ எங்க இருப்பா? வீட்டைத்தான் வித்தாச்சே.

கெசியா: ஸ்ப்ரேக் அம்மா வீட்டு மாடியில ஒரு அறை காலியா இருக்கு. திரைச்சீலை கூடப் போட்டுட்டாங்க. ஆப்பிள் பை சுட்டு வித்தா என் சாப்பாட்டுக்கு ஆச்சு.

ஏனோக்: போட்டுட்டாங்களா? எப்போ கேட்டே?

கெசியா: போன... அது சும்மா, பேச்சு வாக்குல...

ஏனோக்: நெஞ்சு படபடக்க ஆரம்பிச்சது ரெண்டு நாளாத்தானே?

கெசியா: டாக்டர், இவன் பேசப் பேச எனக்கு இங்க என்னமோ பண்ணுது.

டாக்டர்: ஏனோக், நோயாளிகிட்டக் கேள்வி கேக்காதே.

ஏனோக்: சரி. கேக்கல. மெதுவா நடந்து வந்தவளுக்குக் கவுன் ஓரமெல்லாம் சேறு. நேத்து வண்டியில சாமான் ஏத்தும்போது, தன் பெட்டியை மட்டும் கடைசியா, மேலாக வைக்கச் சொன்னா. நான் ஒண்ணுமே கேக்கல.

கெசியா: அண்ணா...

ஏனோக்: உன்னை நம்பித்தான்டி என் பசங்க இவ்வளவு தூரம் வர ஒத்துக்கிட்டதே. அத்தை வந்தா நாங்க வர்றோம்னாங்க. சின்னவன் இப்பவே உன் பக்கத்துலதான் உக்காருவேன்னு இடம் பிடிச்சு வச்சிருக்கான்.

கெசியா: அவனை நினைச்சா என் நெஞ்சு நிஜமாவே வலிக்குது.

ஏனோக்: ஆரிகன் போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. நீயும் பார்த்ததில்ல.

கெசியா: இல்ல.

ஏனோக்: அப்போ... நல்லா யோசிச்சுத்தான் உனக்கு உடம்பு சரியில்லாமப் போயிருக்கு?

கெசியா: ...ஆமாண்ணா.

ஏனோக்: சரி. நான் கொல்லன் பட்டறைக்குப் போறேன். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்ட சாயங்காலம் வரைக்கும் ஆகும்னான். அதுக்கப்புறம் உன் பெட்டியை இறக்கி, ஸ்ப்ரேக் அம்மா வீட்டு மாடியில வச்சிட்டுப் போறேன். டாக்டர், இவளைப் பார்த்துக்குங்க... டாக்டர்! சே, மறுபடியும் தப்பான பக்கம். இவளைப் பார்த்துக்குங்க!

டாக்டர்: கத்தாதேய்யா, முதல் தடவையே கேட்டுது.

ஏனோக்: எப்படி?

டாக்டர்: சில விஷயம் கேக்கும். போயிட்டு வா.

கெசியா: ...போயிட்டான். பட்டறைப் பக்கம் திரும்பறான் பாருங்க. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கல.

டாக்டர்: அழறீங்களாம்மா?

கெசியா: இல்ல. அடுப்புப் புகை.

டாக்டர்: இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலியே.

கெசியா: கண்ணாவது நல்லாத் தெரியுதே டாக்டருக்கு. சந்தோஷம்.

டாக்டர்: கெசியா... பிளைத்தம்மா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

கெசியா: முதல்ல சொன்னதே நல்லா இருந்துது. எத்தனை ஞாயித்துக்கிழமை ஆப்பிள் பை சுட்டுக் கொண்டு வந்திருக்கேன்! இன்னைக்குத்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க.

டாக்டர்: கெசியா. நான் வைத்தியம் பார்க்க ஆரம்பிச்ச நாள்லேருந்து நோயாளிகிட்டப் பொய் சொன்னதில்ல.

கெசியா: ஊருக்கே தெரியும். சாகப்போறவங்க கூட உங்ககிட்ட வரப் பயப்படுறாங்க.

டாக்டர்: இன்னைக்கும் சொல்லல. அதான் வெட்கக்கேடு. வார்த்தைக்கு வார்த்தை உண்மையைச் சொல்லியே உங்க அண்ணனை ஏமாத்தியிருக்கேன்.

கெசியா: புரியல.

டாக்டர்: நல்ல இதயம் எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேக்கலேன்னு சொன்னேன்ல? எனக்கு எதுவுமே கேக்கல. குழலை நான் வச்சது... வலது காதுல.

கெசியா: செவிட்டுக் காதுலயா?

டாக்டர்: நீங்க கூரையைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. ஏனோக் என் மண்டையைப் பார்த்துக்கிட்டிருந்தான். அவன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டுதே, எப்படின்னு நினைச்சீங்க? நல்ல காது சும்மாதானே இருந்துது.

கெசியா: ஏன்... ஏன் அப்படிப் பண்ணீங்க?

டாக்டர்: இடது காதுல வச்சா கேட்டுடும். கேட்டா, நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டுப் போய்யான்னு சொல்லணும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. உன்னைப் போகாதேன்னு சொல்ற உரிமையும் எனக்கு இல்ல... உங்களை. நாடி பார்க்காததும் அதனாலதான். விரலு செவிடு இல்லையே, என்னவா இருந்தாலும் தெரிஞ்சிடும். நீங்க மூச்சு வாங்கினதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. நிஜமாவே ஏதாவது இருந்து, நான் பாட்டுக்குச் செவிட்டுக் காதை வச்சு... இப்ப முறையாப் பார்த்துடறேன். நல்லா இருந்துதுன்னா, வண்டி சாயங்காலம் வரைக்கும் பட்டறையிலதான் நிக்கும். நானே வந்து ஏனோக்கிட்ட ஒத்துக்கிறேன். அவன் என்னை அடிச்சாலும் வாங்கிக்கிறேன். போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம். என் காது முடிவு பண்ணக்கூடாது... ஏதாவது பேசுங்க கெசியா. திட்டவாவது திட்டுங்க. ஆனா, இடது பக்கம் வந்து திட்டுங்க.

கெசியா: வந்துட்டேன். நல்லாக் கேட்டுக்குங்க. அடப் படுபாவி மனுஷா! குழல்ல நெஞ்சு தடதடன்னு கேக்கணுமேன்னு ஒரு கெட்டில் கடுங்காப்பியை மடமடன்னு குடிச்சிட்டு, கவுனை முழங்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, உங்க கோழியெல்லாம் கதற உங்க கொட்டகையையே சுத்திச் சுத்தி ஓடிட்டு வந்தேனே... அத்தனையும் அந்தச் செவிட்டுக் காதுக்குத்தானா? கையை நீட்டினேனே, அதையாவது ஒரு தடவை பிடிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா!