பிரிக்காத பாக்கெட்

அந்த நாற்காலி வேண்டாம்ணே, கால் ஒன்னு ஆடும். இதுல உக்காருங்க. வாசனையக் கண்டுக்காதீங்க, பக்கத்து ரூம்ல இரை மீன் உருகிட்டு இருக்கு. உங்களுக்கு என்ன, இருபத்தெட்டு வருஷமா நண்டுக்கூண்டு போடுறவரு. வேற ஆளுங்க வந்தா வாசல்லயே நின்னு பேசிட்டு ஓடிருவாங்க.

ஆமா, படிவம் இதுதான். மீன்துறைக்கு லைசென்ஸ் ஒப்படைப்பு. ரெண்டு கையெழுத்து. இருங்க இருங்க, பேனாவ எடுக்காதீங்க, பெரிய மேடம் பன்னெண்டு மணிக்குத்தான் வருவாங்க. சீலா? சீல் என்கிட்டதான் இருக்கு. உங்க மச்சானுக்கு உடனே குத்திக் குடுத்தேனா? குடுத்தேன்ணே. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நீங்க உள்ள வந்ததும் கேட்டீங்கல்ல, வெறும் நாப்பது கூண்டப் போட்டுப் பாத்துட்டு எப்படி ஒரு குடாவையே மூணு வருஷம் மூடுனீங்கன்னு. நல்ல கேள்வி. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த மாதிரி கேள்விக்காகத்தான். சிரிக்காதீங்க. எங்க படகு டிரைவர் என்னைய நண்டு ஜோசியர்னுதான் கூப்பிடுவாரு.

எங்க கூண்டு எங்க விழணும்னு நாங்க முடிவு பண்றதில்ல. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கற மாதிரி நாப்பது இடம் குடுக்கும். அங்கதான் போடணும். டிரைவர் தலையில அடிச்சுக்குவாரு, அம்மா தாயே, இந்த இடத்துல போட்டா தண்ணிதான் வரும்னு. வரட்டும்பேன் நான். நண்டு இல்லாத இடத்துலயும் போட்டாதானே மொத்தம் எவ்வளவு இருக்குன்னு தெரியும். நீங்க நண்டு இருக்கற எடமாத் தேடிப் போவீங்க. அது பொழப்பு. இது கணக்கெடுப்பு.

வெளிக்கடல்ல இழுவலை. இருவது நிமிஷம், ஒரே வேகம், அதே பழைய வலை. போன வருஷம் புது வலை வாங்கித் தர்றேன்னாங்க, நான் சண்டை போட்டேன். நெசமாத்தான். வலைய மாத்திட்டு மீன் கூடுதலா வந்துச்சுன்னா, கடல் மாறுச்சா வலை மாறுச்சான்னு யாரு சொல்றது? எல்லாம் ஒரே மாதிரி செய்யணும்ணே. அதே இரை, அதே எடை, கூண்டு தண்ணியில கிடக்கற அதே ஒரு நாள் ஊறல். அதுல ஒன்னு தப்பினாலும் பத்து வருஷத்துக் கணக்கு குப்பை. புதுசா வர்றவங்களுக்கு இத வகுப்பு எடுக்கறது யாருங்கறீங்க? நான்தான்.

டீ குடிக்கிறீங்களா? பிளாஸ்க்குல இருக்கு. சரி, வேண்டாம்னா விடுங்க.

உங்க கூண்டுல பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கும்ல. குஞ்சு நண்டு வெளிய போறதுக்கு. சட்டம் போட்டு வைக்கச் சொன்னது நாங்கதான், அப்ப நீங்க திட்டுன திட்டு இன்னும் ஆபீஸ்ல பேசிக்கறாங்க. எங்க கூண்டும் அதே பட்டறையிலதான் வாங்குறோம். அதனால அதுலயும் அந்த ஓட்டை இருக்கும். ஆனா எங்களுக்குக் குஞ்சு வேணும். குஞ்சு எத்தனைன்னு தெரிஞ்சாதானே அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்னு சொல்ல முடியும். அதனால கணக்கெடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டையையும் கேபிள் டை, அந்தப் பிளாஸ்டிக் பட்டி, வச்சுக் கட்டி அடைக்கணும். நாப்பது கூண்டுக்கும். அது ஒரு ஆளோட வேலை.

போன சீசன்ல நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளிய இழுவலையில குஞ்சு எப்பவும் போலத்தான் வந்துச்சு. குடாவுக்குள்ள கூண்டுல ஒன்னு கூட இல்ல. பெரிய நண்டு மட்டும். பெரிய மேடமே, என்னடி இது வினோதமா இருக்கு, எங்கயாவது தப்பு நடந்திருக்கான்னு பாருன்னாங்க. நான் பாக்கலண்ணே. எனக்கு ஒரே சந்தோஷம். ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சிட்டோம்னு. குடாவுல தண்ணி சூடாயிருச்சு, குஞ்சு உள்ள வந்து தங்க மாட்டேங்குதுன்னு ஒரே மூச்சுல ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். படம் எல்லாம் வரைஞ்சு. மேலிடத்துல பாராட்டி கடிதமே வந்துச்சு. அந்த ரெண்டு பக்கத்த வச்சுத்தான் மூணு வருஷம் மூடுனாங்க.

நீங்க அப்ப மீட்டிங்ல எந்திரிச்சு, என் கூண்டுல இருந்து குஞ்சு தினம் வெளிய போறத நான் பாக்குறேன், தூக்கும்போதே ஓட்டை வழியா உதிருதுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? நான் மேடையில உக்காந்துக்கிட்டு, கண்ணால பாக்கறது கணக்கு ஆகாதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

போன மாசக் கடைசியில என் மழைக்கோட்ட துவைக்க எடுத்தேன். உள் பையில இது இருந்துச்சு. கையில வாங்கிப் பாருங்க. கேபிள் டை, நூறு. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு பாத்தீங்களா. கணக்கெடுப்பு அன்னிக்குக் காலையில இரை வந்து சேரல, நான் அதப் பத்தி டிரைவர் கூடக் கத்திக்கிட்டே படகுல ஏறிட்டேன். கட்டிட்டேன்னு தாள்ல டிக் மட்டும் அடிச்சிருக்கேன். நாப்பது டிக்.

குஞ்சு இருக்குன்னு நான் சொல்லலண்ணே. இருக்கா இல்லையான்னு இன்னிக்கு யாருக்குமே தெரியாது. அவ்வளவுதான் உண்மை. இந்தக் கவர் பெரிய மேடத்துக்கு. எல்லாம் எழுதிட்டேன், மறுபடியும் கூண்டு போடணும்னு. வேலை போகும், போகட்டும். நீங்க அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. படகை விக்கப் பேசியிருந்தா இன்னிக்கே நிறுத்துங்க.

இல்லண்ணே, எனக்கு நன்றி சொல்லாதீங்க. அப்படிப் பாக்காதீங்க.

உங்க மச்சான் நம்பர் வேணும். அவரு படகு போயிருச்சா? கூண்டு எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரா?

அவரு போன செவ்வாக்கிழமை வந்தாரு. மழைக்கோட்டத் துவைச்சது அதுக்கு முந்தின வாரம். நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலி. புள்ளைங்கள புது ஊர்ல ஸ்கூல்ல சேக்கணும், சீக்கிரம் குத்திக் குடும்மான்னாரு. சீல் இந்த டிராயர்லதான் இருக்கும். பாக்கெட் அதுக்கு மேல கிடந்துச்சு. அதத் தள்ளி வச்சுட்டுத்தான் சீல எடுத்தேன்.