நாலு மணிக்கு ஜன்னல் மூடிடுவாங்க

"அஞ்சு வருஷம் குடுத்தாங்க லொரெய்ன்! அதுக்கு மேல ஆறு மாசம் சலுகை வேற! அத்தனையும் விட்டுட்டு, கடைசி நாள் கடைசி ஒரு மணி நேரந்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

இப்படிக் கத்துறாரும்மா எங்க வீட்டுக்காரர். ரஸ்ஸல்னு பேரு. வாயில பாதி சாண்ட்விச்சை வச்சுக்கிட்டே கத்துறார். என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி! கைத்துப்பாக்கிய மறைச்சு வச்சுக்கிட்டுப் போறதுக்கு ஒரு லைசென்ஸ், அது காலாவதியாயிருச்சு, அவ்வளவுதானே? கொஞ்சம் நகந்துக்கங்க, இந்தப் பையை இப்படி வைக்கிறேன். அப்பாடா... தோளே இறங்கிப்போச்சு. இன்னிக்கின்னு பாத்து என்ன கனம் கனக்குது!

உங்க நம்பர் என்ன? நாப்பத்தெட்டா? எனக்கு நாப்பத்தேழு. இப்பத்தான் நாப்பத்துநாலு ஓடுது. மணி மூணேகால். ஒரு ஷெரிஃப் ஆபீஸ்ல ஒரே ஒரு ஜன்னல், அதுக்குள்ள ஒரே ஒரு பொம்பள, அவளும் ஒத்த விரலால தட்டச்சு பண்றா. எங்க கான்வென்ட்ல சிஸ்டர் பெர்பெச்சுவா பாத்திருந்தாங்கன்னா அந்த விரல் மேலயே ஸ்கேலால ஒண்ணு வச்சிருப்பாங்க.

ஏன் இவ்வளவு நாளான்னு கேக்குறீங்களா? கேக்கலியா? சரி, முகத்துல தெரிஞ்சுது. போட்டோதாம்மா. புதுப்பிக்கணும்னா புதுப் போட்டோ ஒட்டணும். பழசுல நான் எப்படியிருப்பேன் தெரியுமா... வேணாம் விடுங்க. பத்து பவுண்டு எடை இறங்கின பிறகு எடுத்துக்கலாம்னு இருந்தேன். நடுவுல நன்றித் திருநாள் விருந்து வந்துச்சு, கிறிஸ்மஸ் வந்துச்சு, அப்புறம் தவக்காலம். தவக்காலத்துல இளைக்கணும்தானே? எங்க சர்ச்ல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சுப் போட்டே கொல்றாங்க. நாலு பவுண்டு ஏறிட்டேன்.

போனாப் போகுதுன்னு விட்டுடலாம்தான். ஆனா இன்னிக்கி நாலு மணிக்குள்ள முடிக்கலேன்னா புதுப்பிக்க முடியாது, மொதல்லேர்ந்து பயிற்சி வகுப்புக்குப் போகணும். எட்டு மணி நேரம்! இந்த மாவட்டத்துலயே அந்த வகுப்பு எடுக்குறவ யார் தெரியுமா? க்ளெண்டா. என் நாத்தனார்!

சிரிக்காதீங்க. தீயணைப்பு நிலையத்துக் கூடத்துல, கழுத்துல விசில் மாட்டிக்கிட்டு நிப்பா. போன தடவை நான் சுட்டது பக்கத்துல நின்னவரோட குறி அட்டையில விழுந்துருச்சு. அவருக்கு நல்ல மார்க்கு வந்துச்சு, அது வேற விஷயம். உடனே விசிலை ஊதிட்டு எல்லாரையும் கூப்பிட்டா. "எல்லாரும் எங்க அண்ணியப் பாத்துக்கங்க. இப்படி மட்டும் நிக்கவே கூடாது"ன்னா. பத்தொம்பது பேர் சுத்தி நின்னு பாத்தாங்கம்மா என் பின்பக்கத்தை! இந்த ஞாயித்துக்கிழமை விருந்துல வேற என்ன சொன்னா? "அண்ணி, உங்களுக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்." உருளைக்கிழங்கு சாலட்டை அவ தலையில கவுத்தியிருப்பேன், பாத்திரம் எங்கம்மாவோடது, அதனால விட்டேன்.

இந்தத் துப்பாக்கியும் நானா கேட்டு வாங்கினதில்ல. சர்ச் பிக்னிக் குலுக்கல்ல விழுந்தது. ரெண்டாம் பரிசு. மொத பரிசு, பன்னிரண்டு பவுண்டு பன்றித்தொடை, தேன் தடவினது. அது யாருக்குப் போச்சுங்கறீங்க? ஆமா. க்ளெண்டாவுக்குத்தான்! இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் இந்தத் துப்பாக்கியைப் பையை விட்டு வெளிய எடுத்தேன், அதுக்கு அடியில லிப்ஸ்டிக் மாட்டிக்கிச்சு.

நாப்பத்தஞ்சா? போகட்டும், நகருதே.

இந்த ஆபீஸ் லட்சணத்தைச் சொல்றேன் கேளுங்க. வாசக் கதவுல ஒரு பலகை, பாத்தீங்கல்ல? "லைசென்ஸ் இருந்தாலும் சரி, துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது. மீறினால் லைசென்ஸ் பறிக்கப்படும்." இவ்வளவு பெருசா எழுதிப்போட்டு, ஒரு பக்கமாச் சரிஞ்சு தொங்குது! யாருக்காவது கண்ணுல பட்டுதா? என்னால முடியாதும்மா, கோணலா எதைப் பாத்தாலும் கை பரபரக்கும். நின்னு, ரெண்டு கையாலயும் பிடிச்சு, நேராக்கி, கைக்குட்டையால தூசியும் தட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். ஒரு போலீஸ்காரர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "ரொம்ப நன்றி மேடம்"னாரு. மரியாதை தெரிஞ்ச பிள்ள.

நாப்பத்தாறு... நான் பழைய கார்டை எடுத்து வச்சுக்கிறேன். இந்தப் பையில ஒண்ணு தேடுறதுக்குள்ள... இது ஜெபமாலை. இது மீன் டோக்கன். இருமல் மிட்டாய், யார் நக்கினதோ. போட்டோ இருக்கு, பாக்காதீங்க. பக்கவாட்டு ஜிப்புல வச்சேனோ... என்ன இது, கெட்டியா, ஜில்லுன்னு...

...

ஐயோ.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா. ஏம்மா... மெல்லப் பேசுங்க. நீங்க பேசவே இல்லியா? சரி, நல்லது. மணி என்ன? மூணு அம்பத்திரண்டு. என் கார் பேங்குக்குப் பின்னாடி நிக்குது. வாசல்லயே இடம் இருந்துச்சு, ரெண்டு காருக்கு நடுவுல சொருகணும், எனக்கு அது வராது. போய்ட்டு வர பத்து நிமிஷம் ஆகும். ஜன்னலை மூடிருவாங்க. க்ளெண்டா முன்வரிசையில நாற்காலி போட்டு... மாதாவே!

நாப்பத்தேழா? இதோ... இதோ வர்றேன்! ஒரு நிமிஷம்! அந்தப் போலீஸ்காரர் ஏன் என்னையவே பாத்துச் சிரிக்கிறாரு? பலகைக்காகவா இருக்கும். வணக்கம் தம்பி!

என்னது, நாப்பத்தெட்டா? ஏம்மா, அது நீங்கதானே, போகாதீங்க, நான்தான் முன்னாடி... நில்லுங்க! உங்க கார் வாசல்லதானே நிக்குது? நல்லவங்களா இருக்கீங்க... இந்தப் பையை மட்டும், இந்த ஒரு பையை மட்டும் கொண்டுபோய் உங்க கார்ல வச்சுட்டு வர்றீங்களா?

ஏம்மா?