இருபத்தைந்து டிகிரி

காலை ஏழு மணிக்கு எழுந்ததும் கடல்நீர்த் தொட்டியின் வெப்பமானியைப் பார்ப்பேன். இருபத்தைந்து இருக்க வேண்டும். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவேன். கண்ணாடி விளிம்பில் பூத்த உப்பைத் துடைப்பேன். கடல் முள்ளெலிகள் தள்ளிவிட்ட பவளத் துண்டுகளை எடுத்து மறுபடி பாறையில் ஒட்டுவேன். பிறகு தேநீர். இப்போதும் அப்படித்தான். கோப்பை மட்டும் ஒன்று.

முள்ளெலிகள் இரண்டு, உடம்பெங்கும் ஊசிமுள் கொண்ட உருண்டைக் கடலுயிர்கள். பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். அவை இல்லாவிட்டால் பாசி பவளத்தை மூடிவிடும். கிடைத்ததையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கும். என் மனைவி ஜிப்பாரின் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பெரியது ஒரு வாரம் சுமந்தது.

"கடலே இல்லாத ஊர்ல உப்புத்தண்ணி கரைச்சுக்கிட்டு இருக்கே" என்பாள் அவள். "ஏரிக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போன்னா மட்டும் பெட்ரோல் இல்லே."

ஜனவரியில் எங்கள் தெருவுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிஷ்கெக்கில் எங்கள் பழைய குடியிருப்பில் வீட்டுச் சூடும் மின்சாரத்தில்தான். முதல் நாள் தொட்டி இருபதுக்கு இறங்கியது. சிறிய முள்ளெலி முள்களை உதிர்த்தது. மணலில் ஊசி ஊசியாகக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்தேன்.

மறுநாள் பழைய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிவந்தேன். கீழே வைத்தால் திருடுபோகும் என்று கண்ணாடி அடைத்த பால்கனியில் வைத்தேன். மற்ற ஜன்னல்களை எல்லோரையும் போல அக்டோபரிலேயே காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தோம். திறக்க முடிந்தது பால்கனிக் கண்ணாடி ஒன்றுதான். புகை அதன் வழியே போகும். குளிரும் அதன் வழியே வந்து, வயருக்காகத் திறந்துவைத்த பால்கனிக் கதவால் அறைக்குள் நுழையும்.

நான் வெப்பப் பொறியியல் படித்தவன். மூடிய இடத்தில் பெட்ரோல் எரிந்தால் என்ன வாயு வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மணமில்லை என்பதும் தெரியும். முதல் போலீஸ் விசாரணையில் இதை நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அந்தப் பால்கனிக் கண்ணாடியை மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் சாத்திவைத்துப் பார்த்தேன். தொட்டி நன்றாகச் சூடேறியது. மூன்று நாளும் ஜிப்பாருக்குத் தலைவலி. அவளுக்குச் சளி பிடித்திருந்தது. தலைவலியும் சளியால்தான் என்று அவளிடம் சொன்னேன். என்னிடமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் வெளியே மைனஸ் இருபத்து மூன்று. வெப்பமானியில் இருபத்திரண்டு. அவள் தொட்டிக்கு எதிரே சோபாவில் படுத்திருந்தாள். கண்ணாடியைச் சாத்திவிட்டு, அடுத்த நாளுக்குப் பெட்ரோல் வாங்கப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. அரை மணி தாண்டியதும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். நின்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்தைந்து. அப்புறம்தான் சோபாவைப் பார்த்தேன்.

முள்ளெலிகள் நலமாக இருந்தன. நம் இரத்தத்தில் இருக்கும் சிவப்பு அவற்றுக்குக் கிடையாது. அந்த வாயு அந்தச் சிவப்பில்தான் ஒட்டும்; அவற்றை ஒன்றும் செய்யாது.

அவள்தான் குளிருகிறது, சாத்து என்றாள் என்று உங்களிடம் எழுதிக்கொடுத்தேன். நீங்கள் தலையசைத்தீர்கள். நம் ஊரில் நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் காற்றை விடுபவனைத்தான் திட்டுவார்கள். சாத்துபவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விபத்து என்று வழக்கை மூடினீர்கள்.

நேற்று அவள் இறந்த நாற்பதாம் நாள். மாமியார் புரூல் எங்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துப் போட்டார். மற்றவர்கள் போனபின் என் அருகில் உட்கார்ந்தார்.

"சளிக்காரிக்கு ஊதக்காத்து ஆகாதுன்னு சாத்தினே. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க மாப்பிள்ளே. மனசை அரிச்சுக்காதே. தின்னு."

தின்றேன்.

"வீடு இப்படியே இருட்டிக் கிடக்க வேண்டாம். அக்கா போன இடத்துக்குத் தங்கச்சி வர்றது நம்ம பழைய வழக்கம்தான். துமாருக்கும் இருபத்தாறு ஆகுது. வாய்தான் நீளம். ஆனா நூடுல்ஸ் மாவை நூல் மாதிரி இழுப்பா."

"நூடுல்ஸுக்காக யாரும் கட்டிக்க மாட்டாங்கம்மா" என்றாள் துமார். தொட்டியின் முன் குனிந்து நின்றிருந்தாள். முகம் அக்காவினுடையது இல்லை. குரல் கொஞ்சம் அப்படி.

"அத்தான், குளிர்காலத்துல கரன்ட் போனா இதுங்களை என்ன பண்ணுவீங்க?"

ஜெனரேட்டர் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது. "பாத்துக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கவனித்தேன். அவர்கள் போனபின் துணி மாற்றிக்கொண்டு, விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்து, இங்கே வந்தேன்.

ஆகவே பழைய வாக்குமூலத்தில் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். ஜிப்பார் சாத்தச் சொல்லவில்லை. நான் கண்ணாடியின் கொக்கியை மாட்டும்போது போர்வைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குக் கேட்டது.

"திறந்தே விடு மிர்லான். எனக்குக் குளிரலே."