வீட்டில் விழுந்த ஒற்றை ஓட்டு

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் இரண்டு கண்மேல் ஆணை. காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த பூட்டுக்கடைக்காரர், காலைப் பேப்பரைப் படித்த கையோடு, தேர்தல் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கும் மருமகனுக்குப் போன் போட்டார்.

"ஹலோ... மாப்பிள்ளையா?... ஆமா, நான்தான்... கால் கிடக்கட்டும், மானம் போயிடுச்சு...

உங்க ஆபீஸ் பட்டியல் வந்திருக்கே... ஆமா, ஆமா, வார்டுவாரியா. எங்க வார்டைப் படிக்கிறேன், கேளுங்க. 'வீட்டிலிருந்தே வாக்களித்தவர் ஒருவர்.' அதுல என் தம்பிக்கு சைபர், எதிராளிக்கு ஒண்ணு... பேர் போடலையா? பேர் எதுக்கு மாப்பிள்ளை? பெட்டியத் தூக்கிக்கிட்டு நாலு ஆபீசருங்க எங்க வீட்டுக்கு மட்டும்தானே வந்தாங்க. தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு...

ம்... ம்... அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'மாமா, உங்க ஓட்டு கடவுளுக்குக்கூடத் தெரியாது'ன்னீங்க. நம்பினேன்... கத்தலையே. கால் வலிக்குது, அவ்வளவுதான்...

நாப்பது வருஷமா சாவி தொலைச்சவங்க பீரோவையெல்லாம் திறந்து விட்டிருக்கேன். எவன் பீரோவுல என்ன இருந்துச்சுன்னு உங்க அத்தைகிட்டகூட மூச்சு விட்டதில்லை. நீங்க என் ஒத்தைப் பெட்டிய ஊர் நடுவுல கவுத்துட்டீங்க...

தம்பிக்கு ஏன் போடலையா? அது என் இஷ்டம்... சரி, சொல்றேன். ஜெயிச்சா சந்தை முனைக் கடையெல்லாம் எடுத்துடுவேன்னான். என் கடையும் அங்கதானே... நேர்ல கேக்க வாய் வரலை. மூணு மாசம் அவன் பக்கத்துல உக்காந்து நோட்டீஸ் மடிச்சேன்... ஒரே ஓட்டுல தோத்திருக்கான் மாப்பிள்ளை. ஒரே ஒரு ஓட்டு...

அதை மத்த ஓட்டோட கலந்து போட்டிருக்கலாம்ல?... அப்படித்தான் இருந்துச்சா? அப்புறம்?... மனுவா? எந்த மனு?... 'எதையும் கலக்காம, மறைக்காம, தனித்தனியா வெளியிடணும்'... ஆமா, எங்க தெருவுலயும் வாங்கினாங்க... ஒண்ணாம் நம்பர் கையெழுத்து யாருது?...

கேக்குது. கேக்குது, சொல்லுங்க...

என்னுதா?

...தம்பிதான் கொண்டாந்தான். 'வெளிப்படையா இருக்கட்டும்ணே, போடு'ன்னான்... படிக்கலை... ஆமா, படிக்கலைன்னுதான் சொல்றேனே... நீங்க என் கையெழுத்தப் பார்த்தீங்கல்ல? ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?... ஆபீஸ் விஷயம் வெளியில சொல்லக் கூடாதா. அது சரி. அந்த ரகசியத்தை மட்டும் நல்லாக் காப்பாத்தினீங்க...

இருங்க, கேட் சத்தம்... தம்பிதான். கையில பேப்பர்... வெச்சுடாதீங்க மாப்பிள்ளை. நீங்களே சொல்லுங்க, அச்சுல தப்பு விழுந்துடுச்சுன்னு... சொல்ல மாட்டீங்களா?... பொய் சொல்ல மாட்டீங்க. சரி. அப்ப நான் மட்டும்... ஹலோ... ஹலோ...

வா தம்பி. உக்காரு."

அந்தத் தேர்தலில் அந்த வார்டுக்கு வேட்புமனு கொடுத்தது ஒரே ஒருவர். அங்கே வாக்குப்பதிவே நடக்கவில்லை. ஆணையிட்ட என் கண்கள் இரண்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன.