சில்வெஸ்டர்ட பேரை அழிச்ச நாள்

நேரம் பகல் பன்னிரண்டு. ஓம், பகல்தான். இராசதுரை, சிரிக்காத. பேய் என்ன உன்னை மாதிரி இருட்டினாப் பிறகா வெளிக்கிடும்?

மழை. நாவற்குடாவில இருந்து வாவிக்கரையால போற றோட்டு... ஈ காக்கை இல்ல. வெள்ளத்தில பஸ்சும் நிண்டு போச்சு. எங்கட கோணாமலைட மச்சினன் தங்கராசா சைக்கிள்ல டீசல் கானைக் கட்டிக்கொண்டு தனிய வாறான். இந்தா, லாம்புக்குப் பின்னால குந்தியிருக்கிற இதே கோணாமலைதான். நான் பொய் சொன்னா அவன் மறிக்கட்டும்.

எழுபத்தேழாம் ஆண்டு மாரி அது. வாவித் தண்ணிக் கணக்குப் பார்க்கச் சொல்லி வெளிநாட்டுக்காரன் ஒரு கொம்பியூட்டர் குடுத்திருந்தான். பழசு. ஒரு நெல்லு ஸ்டோருக்குள்ள ஏசி பூட்டி வச்சிருந்தாங்க. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துறது தங்கராசாட வேலை.

வாவி நிரம்பினா முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடணும். முந்தி கண்ணால பார்த்து வெட்டினம். அந்த வருசம், மெசின் கணக்குத் தந்தாத்தான் மேல இருந்து உத்தரவு வரும் எண்டாங்க. மெசினோ தரல்ல. இஞ்ச மண்டூர் வயல் வட்டையில தங்கராசாட வேளாண்மை குடலை தள்ளி, கதிர் வாற பருவத்தில நிக்குது. தண்ணி கழுத்துக்கு வந்திட்டு. இன்னும் ரெண்டு நாள் நிண்டா அவ்வளவும் அழுகல்.

உள்ள போனா ஜெயராஜா ஐயா. மெசினைப் பார்க்கிற ஐயா அவர். கண் ரெண்டும் செவ்வரளி. சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு.

"இண்டைக்கும் மெசின்ல கணக்கு ஏறல்லையா ஐயா?"

"ஏறல்ல! ஏறல்ல! ஏறல்ல! நீயும் கேளு, உன்ர பெண்டாட்டியையும் வந்து கேக்கச் சொல்லு!"

மறுகா அவரே பாவப்பட்டு விளங்கப்படுத்தினாராம். இரும்பு ஒண்டுதானாம். ஆனா அதுக்குள்ள பல மெசின் இருக்கிற மாதிரி அது நடிக்குமாம். ஆளுக்கொரு பேர், பேருக்கொரு மெசின். கணக்குப் போடுற வழியெல்லாம் ஒரே கட்டா நடுவில கிடக்கும். எல்லா மெசினுக்கும் அது பொது. எல்லா வட்டைக்கும் ஒரே வாய்க்கால் இல்லையா, அப்பிடி. எவனாவது அந்தப் பொதுக்கட்டுல கைவச்சு மாத்தினா, எல்லாத்தையும் ஆளுற பெரிய மெசின் கண்டுபிடிச்சிரும். பிறகு ஒருத்தருக்கும் கணக்குக் குடுக்காது.

"ஆரோ மாத்துறான் தங்கராசா. கட்டைப் பதிஞ்சு வச்ச நாடா, அந்த ரேப்பில நல்லா இருக்கு. உள்ள ஏத்தின உடனே ஒரு இடம் மாறுது. ஒரே இடம்."

ரேப்பை மாத்திப் பார்த்தாராம். வேற ரேப், அதே பிழை. முழுசா நிப்பாட்டித் திரும்பப் போட்டாராம். அதே பிழை. மற்றாக்கள்ர மெசினை எல்லாம் ஒவ்வொண்டா மூடினாராம். தன்ர மெசின் மட்டும் மிச்சம்... அதே பிழை. மேசையில குத்தின குத்தில தேத்தண்ணிக் கோப்பை பறந்துது.

கடைசியா, உள்ள இருக்கிறது ஆர் ஆர் எண்டு மெசினையே கேட்டார். மெசின் கடதாசியில அடிச்சுது. டக்... டக் டக்... டக்.

ஜெயராஜா. சில்வெஸ்டர்.

சில்வெஸ்டர் ஆரெண்டா, அங்க வேலை செஞ்ச பொடியன். அதுக்கு முந்தின மாசம் முகத்துவாரத்தில தண்ணி மட்டம் பார்க்கப் போனவன். மணல் இடிஞ்சு... கடல் கொண்டு போச்சு. உடம்பு கிடைக்கல்ல. பெண்டாட்டி றீற்றா கந்தோருக்கு வந்து அழுதவ: "உடம்பைக் கண்டு அடக்கம் செய்யும் வரைக்கும் அவர்ட பேரை எங்கயும் அழிச்சிராதீங்க." அடக்கம் ஆகாத ஆள்ர பேரை ஆர் அழிப்பான்? வாங்குப் பலகையில கிடந்த அவன்ட சால்வையைக் கூட ஒருத்தரும் தொடல்ல. மெசினுக்குள்ள இருந்த பேரும் அப்பிடியே கிடந்துது.

ஜெயராஜா ஐயா அவன்ட மெசினை மூடினார். திரும்பிக் கேட்டார்.

ஜெயராஜா. சில்வெஸ்டர்.

திரும்ப மூடினார். இருந்துது. ஏசி குளிருக்குள்ள ஒரு மணம் வந்ததாம்... வாவிக்கரைக் கண்ணாக் காட்டுச் சேறு மாதிரி. உப்பும் அழுகலும். கதவு பூட்டித்தான் இருந்தது.

"என்னத்தை ஐயா மாத்துறான்?"

ரேப்பில இருக்கிறதையும் உள்ள ஏறினதையும் அடிச்ச கடதாசி ரெண்டையும் ஐயா பக்கத்தில வச்சுப் பார்த்தார். முகத்துவாரத்தில தண்ணி இத்தனை அடி வந்தா வெட்டு எண்டு ஒரு இலக்கம் இருக்குமாம். அதைத்தான் கூட்டிக்கொண்டே போறானாம். இண்டைக்கு வெட்டாத, நாளைக்கும் வெட்டாத எண்டு சொல்ற மாதிரி.

"பேரை அழிச்சா நிண்டிரும்," எண்டார் ஐயா. "ஆனா றீற்றாவுக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

தங்கராசா வாயைத் திறந்தான். இந்த இடத்திலதான் கோணாமலை எப்பவும் தலையைக் குனிவான்... பாருங்க, குனிஞ்சிட்டான்.

"செத்தவனுக்கு வயிறில்ல ஐயா. எனக்கு நாலு பிள்ளை. அழிங்க."

ஐயா மெசின்ல வச்ச கையைத் திரும்ப எடுத்தார்.

"அழிங்க ஐயா! பாவம் எண்டா என்ர தலையில விழட்டும்!"

ஐயா அழிச்சார். மெசின் ஒருக்கா நிண்டுது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும். மறுகா ரேப் சுத்திச்சு... பொதுக்கட்டு ஏறிச்சு. ஒரு குறையில்லாம ஏறிச்சு. கணக்கு வந்துது: இண்டைக்கே வெட்டு.

தங்கராசா துள்ளினானாம். மூலையில கிடந்த மண்வெட்டியைத் தூக்கினான். வெட்டுற ஆக்களோட அவனும் போகணும்.

ஐயா மனம் கேக்காம இன்னொருக்கா மெசினைக் கேட்டார். உள்ள ஆர் ஆர்?

டக்... டக் டக்... டக்.

தங்கராசாவுக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியா. "என்னவாம் ஐயா?" எண்டு எட்டிப் பார்த்தான். டீசல் ஊத்துறவனுக்கு மெசினுக்குள்ள ஆரும் பேர் குடுக்கிறதில்ல. குடுக்கவும் இல்ல. ஆனா கடதாசியில ரெண்டு பேர் இருந்துது. ஒண்டு ஜெயராஜா. மற்றது தங்கராசா.

வெட்டு நிண்டா வட்டை போகும். இது ஐயாட மனசில ஓடினதா, பயத்தில நாக்கு ஒட்டிச்சா... தெரியா. இதை அவரே பின்னால கோணாமலைட கையைப் பிடிச்சு அழுதழுது சொன்னது. அந்த நேரம் அவர் கடதாசியைக் கிழிச்சுச் சுருட்டிக் கைக்குள்ள வச்சுக்கொண்டு,

"ஒண்ணுமில்ல. நீ போய் வெட்டு," எண்டார்.

அவனும் சிரிச்சுக்கொண்டு போனானாம்.

அந்த வருசம் மண்டூர்ப் பக்கம் நல்ல விளைச்சல். தங்கராசாட வயலும் குறை சொல்ல ஏலாது.

அவன்ட பெண்டாட்டி அன்னப்பூரணிதான் வெள்ளைச் சீலையோட நிண்டு ஆள் பிடிச்சு அறுத்தா.