எத்தனை வேளை சாப்பிடுவீங்க?

டியூட்டர்: ...ஒரு வரியை அடிச்சுட்டு, மேல உன் இஷ்டத்துக்கு இன்னொரு வரி எழுதியிருக்கே. இது ஆஸ்பத்திரிப் பதிவேடா, உன் டைரியா?

மாணவி: பதிவேடுதான்க்கா.

டியூட்டர்: மேடம்.

மாணவி: போன வருஷம் வரைக்கும் ஹாஸ்டல்ல என் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடின அக்காவை எப்படித் திடீர்னு மேடம்னு...

டியூட்டர்: இப்போ உன் கிராமப் பயிற்சிக்கு மார்க் போட வந்திருக்கேன். படி. முதல்ல என்ன எழுதியிருந்துச்சு?

மாணவி: "நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை." நர்ஸ் எழுதினது.

டியூட்டர்: நீ எழுதினது?

மாணவி: "மருந்து கொடுத்தவர் கேட்கவில்லை."

டியூட்டர்: என்னத்தைக் கேட்கல?

மாணவி: எத்தனை வேளை சாப்பிடுவீங்கன்னு. அவர் கல் உடைக்கிறவர்க்கா. வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் ஒரே வேளைதான் சாப்பாடு. மருந்துக் கவர்ல சர்க்கரை மாத்திரை, மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதியிருந்துச்சு. இருக்கிற ஒரு சாப்பாட்டுக்கு முன்னாடி மூணையும் போட்டுக்கிட்டு, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துட்டார்.

டியூட்டர்: இப்போ எப்படி இருக்கார்?

மாணவி: பொழச்சுக்கிட்டார். தள்ளுவண்டியில வச்சுக் கொண்டு வந்தாங்க. குளுக்கோஸ் ஏறுது.

டியூட்டர்: அப்புறம் என்ன? வெளியே பாரு, வரிசை ரோட்டுல நிக்குது. ஒவ்வொருத்தர்கிட்டயும் சாப்பாட்டுக் கதை கேட்டா விடிஞ்சிடும். திங்கக்கிழமை நானே இந்த மருந்து கொடுக்கிற ஜன்னல்ல நின்னு காட்டினேன்ல, ஆளுக்கு இருபது செகண்டுன்னு.

மாணவி: காட்டினீங்க. பத்து நிமிஷத்துல முப்பது பேர்.

டியூட்டர்: இது என்ன கோணல் கோடு?

மாணவி: புதுக் கட்டம். "எத்தனை வேளை." ஸ்கேல் இல்ல, மாத்திரை அட்டையை வச்சுப் போட்டேன்.

டியூட்டர்: காலேஜ் படிவத்துல இப்படி ஒரு கட்டமே கிடையாது.

மாணவி: அதான் போட்டேன்.

டியூட்டர்: அதிகப்பிரசங்கி...

மாணவி: நேத்து எழுபத்தொரு பேர்கிட்ட கேட்டேன். பதினொரு பேர் ஒரு வேளை. ஒருத்தர், "ஏம்மா, நீ சமைச்சுப் போடப் போறியா"ன்னார். பதினொரு பேர் சீட்டையும் டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பினேன். முறைச்சார். ஆனா மாத்தி எழுதிக் கொடுத்தார்.

டியூட்டர்: இங்க பாரு. நர்ஸ் எழுதின வரியைத் திரும்ப எழுது. நான் கையெழுத்துப் போடறேன், நீ பாஸ். இல்லன்னா இன்னும் ஆறு மாசம் இதே ஜன்னல்.

மாணவி: ஜன்னல்ல நல்லா காத்து வருதுக்கா.

டியூட்டர்: விளையாடாதே. உங்க அப்பாகிட்ட என்ன சொல்லுவே?

மாணவி: ஃபெயிலுன்னு சொல்லுவேன். வீடே அதிரும். பரவாயில்ல. ஆனா அந்த வரியை எழுத மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடிதான் போட்டார். இன்னும் எப்படிக்கா பின்பற்றுறது?

டியூட்டர்: கவர் எங்க? காட்டு.

மாணவி: காலையில அவர் தலையணைக்கு அடியில இருந்துச்சு. இப்போ காணோம்.

டியூட்டர்: அப்போ ஆதாரமும் இல்ல. திங்கக்கிழமை ஜன்னல் யார் பொறுப்புன்னு கேட்டா உன் பேர்தான் இருக்கு. எல்லாம் உன் தலையிலதான் விடியும்.

மாணவி: விடியட்டும்.

டியூட்டர்: பைத்தியமாடி உனக்கு?

மாணவி: "கொடுத்தவர்"னுதான் எழுதினேன். பேர் எழுதல. கவனிச்சீங்களா?

டியூட்டர்: ...கவனிச்சேன்.

மாணவி: ஏன்னு கேட்கலையே? மூணு வருஷமும் உங்க நோட்டை வச்சுத்தானேக்கா படிச்சேன். வாலை நீட்டி இழுத்து ஒரு மூணு போடுவீங்க... கவர்ல அதே மூணு. நான் யார்கிட்டயும் சொல்லல.

டியூட்டர்: வந்ததும் நான் உன்னைப் பார்க்க வரல. முதல்ல அவர் கட்டில்கிட்டதான் போனேன். அசந்து தூங்கிட்டிருந்தார்... இந்தா, கவர். அந்தக் கோணல் கட்டத்துக்குப் பக்கத்துல ஒட்டு. என் பேரை நானே எழுதறேன்.